வாம்மா மேடம்

அந்த மெத்தையைச் சுருட்டி எடுத்த அன்று முதலாளி பெரிய பாய் கடைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். காய்ச்சல் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திருவாரூர்க் கடைத்தெருவில் அது பழைய ஜவுளிக்கடை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு இரண்டு படி ஏறினால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை இலவம்பஞ்சு மெத்தை போட்டிருக்கும். மேலே வெள்ளை விரிப்பு. விற்கிறவர்கள் அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வாங்க வருகிறவர்களும் எதிரே உட்கார்வார்கள். கல்யாணக் கூட்டம் வந்தால் பாட்டிமார்கள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வார்கள், குழந்தைகள் புடவைக் குவியலில் தூங்கிவிடும். புதுத்துணியின் கஞ்சி வாசனையும் அந்துருண்டை வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். இப்போதும் எங்காவது புதுத்துணி மடிப்பைப் பிரித்தால் அந்த வாசனையில் பாதி வருகிறது. மீதிப் பாதி வருவதே இல்லை.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. என் கணவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்துக்குப் போயிருந்தார். மகளுக்குப் பதினோரு மாதம். நான் பி.காம். படித்து, கல்யாணத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போயிருந்தேன். குழந்தைக்குச் சட்டை எடுக்கப் போன இடத்தில் பெரிய பாயின் மகன் சின்ன பாய் யாரிடமோ, தமிழில் டைப் அடிக்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்று நானே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வீடு வந்து சேரும்வரை, ஏன் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் சம்மதித்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. மறுப்பார், அதைக் காரணமாகச் சொல்லி விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

சின்ன பாய் துபாயில் ஒரு பெரிய கடையில் பல வருஷம் இருந்து மேனேஜராகித் திரும்பியவர். கல்யாண ஜவுளிக்கு ஜனங்கள் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் பஸ் ஏற ஆரம்பித்திருந்த காலம் அது. அங்கே ஏசி, லிஃப்ட், கண்ணாடி எல்லாம் வந்திருந்தன. இப்படியே இருந்தால் இன்னும் நான்கைந்து தீபாவளிதான் தாங்கும் என்று அவர் அப்பாவிடம் சொன்னாராம். "இனிமே இது கடை இல்ல, கம்பெனி" என்று எங்களிடமும் சொன்னார். கையில் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு ஃபைல் வைத்திருந்தார். ஒரு நிறுவனத்தை எப்படி மாற்றுவது, ஊழியர்களை அந்த மாற்றத்துக்கு எப்படித் தயார் செய்வது என்று எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதி ஊழியர்களுக்குப் புரியவைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

"நான் சொன்னா பயப்படுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

பயப்படவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. சரி சார் என்றேன்.

ஆனால் அவர்கள் கேட்டார்கள். மெத்தை போய்க் கண்ணாடி மேஜைகளும் நாற்காலிகளும் வந்தன. முதல் வாரம் எல்லோருக்கும் கால் வலித்தது, இரண்டாம் வாரம் பழகிவிட்டது. நீலச் சட்டை வந்தபோது பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கிறது என்று ஒருவரையொருவர் "ரைட், போலாம்" என்று கேலி செய்துகொண்டார்கள். பேரம் கிடையாது, ஒரே விலை என்று சீட்டு ஒட்டினோம். அதற்கும் ஜனங்கள் முதலில் முணுமுணுத்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டார்கள். பெரிதாகப் பயந்ததெல்லாம் எளிதாக நடந்தது. கடைசியில் எல்லாம் வந்து மாட்டிக்கொண்டது ஒரு வார்த்தையில்.

வருகிறவர்களை இனி ஆண் என்றால் சார், பெண் என்றால் மேடம் என்றுதான் அழைக்க வேண்டும். இதுதான் அந்த விதி. கம்பெனியில் எல்லா வாடிக்கையாளரும் ஒன்று, அதனால் எல்லோருக்கும் ஒரே சொல் என்று சின்ன பாய் விளக்கினார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பெரிய எழுத்தில் டைப் அடித்து உள்சுவரில் ஒட்டினேன். தினமும் கடை திறக்குமுன் கால் மணி நேரம் பயிற்சி. நான் வாசலில் போய் நின்றுகொண்டு உள்ளே வருவேன். அவர்கள் ஒவ்வொருவராக "வாங்க மேடம்" என்று சொல்ல வேண்டும். எனக்கே சிரிப்பு வரும். அடக்கிக்கொண்டு திரும்பப் போய் மறுபடி வருவேன்.

புடவைப் பிரிவில் மூத்த விற்பனையாளர் ஒருவர் இருந்தார். முப்பத்தோரு வருஷமாக அந்தக் கடையில் இருந்தவர். எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். வாசலில் ஒரு பெண்ணின் தலை தெரிந்ததுமே எந்த அலமாரியை நோக்கிக் கை நீட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்தக் கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் கூறைப்புடவை எடுத்தார்கள் என்பதை அவர் மறந்து நான் பார்த்ததில்லை. அவருக்குத்தான் நாக்கு வரவில்லை.

"என் சம்சாரத்தக்கூட நான் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லம்மா. இந்த வயசுல மேடம் மேடம்னா, வீட்டுல போயி வாய் தவறி வந்துடுச்சுன்னா?"

"வந்தா அண்ணி சந்தோஷப்படுவாங்கண்ணே."

"சந்தோஷப்படுவாளா? எவ அந்த மேடம்னு கேப்பா."

அவருக்கு வாடிக்கையாளர்கள் எல்லோரும் உறவுக்காரர்கள். வாங்க அண்ணி, வாங்க அத்தை, வாங்க டீச்சரம்மா. முஸ்லிம் வீட்டுப் பெண்கள் வந்தால் வாங்க ராத்தா. முதல் வாரத்திலேயே ஒரு டீச்சரம்மாவிடம் அவர் கஷ்டப்பட்டு "வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் நின்ற இடத்திலேயே நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். போன தீபாவளிக்குத் தஞ்சாவூரில் எடுத்தது தெரிந்துபோய்விட்டதா, அதற்காகத்தான் இந்தக் கோபமா என்று கேட்டார். இவர் பதறிப்போய் அதெல்லாம் இல்லை அண்ணி என்று கையைப் பிசைந்தார். அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை.

சின்ன பாயிடம் இதைச் சொன்னேன். பழகிவிடும் என்றார். அத்தோடு ஒரு நீளநோட்டைக் கொடுத்தார். ஊழியர் ஒருவருக்கு ஒரு பக்கம். யார் சரியாகச் சொல்கிறார்கள், யார் சொல்வதில்லை என்று நான் தினமும் குறித்துவர வேண்டும். ஆடி முடிவதற்குள் பழகாதவர்கள் மாடிக்குப் போக வேண்டும் என்றார். மாடி என்றால் துணிமூட்டைகள் அடுக்கிவைத்திருக்கும் கிடங்கு.

அந்தக் கிடங்கை எனக்கு நன்றாகத் தெரியும். குழந்தைக்குப் பால் மறக்கடித்திருக்கவில்லை. காலையில் பத்தரை மணிக்கு மார்பில் பால் கட்டிக்கொள்ளும். அப்போது மாடிக்குப் போய், மூட்டைகளுக்கு நடுவில் நின்று, ஒரு டம்ளரில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவேன். கொட்டும்போதெல்லாம் அழுகை வரும். தகரக் கூரை கொதிக்கும். கீழே நடக்கிற பேச்சு, சிரிப்பு எதுவும் அங்கே கேட்காது. அந்த ஐந்து நிமிஷத்துக்கே எனக்கு மூச்சு முட்டும்.

பழகாதவர்களுக்கு மாடிதான் என்பதை அண்ணனிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "மாடிக்கு யாரும்மா வருவா? எலி வரும். எலிய வாங்க மேடம்னு கூப்பிட்டுப் பழகிக்கறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவர் கீழே இருப்பதும் மாடிக்குப் போவதும் நான் நோட்டில் போடுகிற குறியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் வீட்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கடை பாதி சாத்தியிருக்கும், மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவர் கடை டெலிபோனுக்குப் பேசுவார். அந்தப் பக்கத்துப் பல வீடுகளுக்கு அந்தக் கடை டெலிபோன்தான் டெலிபோன். எத்தனையோ பேர் வளைகுடாவிலிருந்து கூப்பிட்டு, வீட்டுக்காரிக்கு இன்ன நிறத்தில் எடுத்துக் கொடுங்கள் என்று அண்ணனிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நான் என் கணவரிடம் இந்த மேடம் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "இங்க எங்கள 'வா'ன்னுகூட யாரும் சொல்றதில்ல. விசில் அடிப்பாங்க, நாங்க போவோம்" என்றார். பிறகு பாப்பா என்ன செய்கிறாள் என்று கேட்டார். நான் என்னவோ பதில் சொன்னேன். அவர் சொன்ன அந்த விசில் மட்டும் காதில் நின்றது.

அந்த வருஷம் மேட்டூர் அணையை நேரத்துக்குத் திறந்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் கடையில் கூட்டம் வரும். அது எங்கள் ஊர் ஜவுளிக்கடைகளுக்குத் தெரிந்த கணக்கு. ஆடி பிறந்ததும் கிராமத்துக் கூட்டம் வரத் தொடங்கியது. எனக்கு ஆச்சரியமாக, அண்ணன் அந்தக் கூட்டத்திடம் மேடம் என்று தடையில்லாமல் சொன்னார். நான் அவர் பக்கத்தில் வரிசையாகச் சரி, சரி என்று குறித்தேன். எப்படியோ பிழைத்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருந்தது. எப்படிச் சொல்கிறார் என்று நான் கவனிக்கவில்லை.

ஆடி பத்தோ பன்னிரண்டோ. மாமியாருக்கு அன்று நிஜமாகவே காய்ச்சல். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்திருந்தேன். அம்மா முதல்நாள்வரை குறுவைக்குக் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படித்தவள். எனக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலில் நின்றவர்கள்.

பதினோரு மணி இருக்கும். குழந்தை எதையும் குடிக்க மறுத்து அழுதிருக்கிறாள். அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே கடைக்கு வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியாமல் வெளியே நின்றாள். நான் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து வருவதற்குள் அண்ணன் அவளைப் பார்த்துவிட்டார். உள்ளிருந்தே கதவை இழுத்துத் திறந்து, நல்ல பலமாகச் சொன்னார்.

"வாம்மா மேடம்."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கெக்கலித்துச் சிரித்தார்கள். அண்ணனும் தன் நாக்கை நினைத்துச் சிரித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் பால் குடிக்கும்போது என் காது இரண்டும் சுட்டுக்கொண்டிருந்தது.

எனக்குப் பத்து வயதில் இதே கடைக்கு அம்மாவோடு வந்திருக்கிறேன். அம்மா படியேறி மெத்தையின் விளிம்பு வரைக்கும் வருவாள். அங்கேயே நிற்பாள். உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. உட்காரு என்றும் சொன்னதில்லை. "என்னம்மா வேணும்" என்று அண்ணன்தான் கேட்பார். அடித்தட்டிலிருந்து நூல் சேலை இரண்டோ மூன்றோ எடுத்து விளிம்புக்குத் தள்ளுவார். அம்மா நின்றபடியே குனிந்து எடுத்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் அவர் வாங்க, உக்காருங்க, பாருங்க என்று சொல்வது காதில் விழும். எங்களிடம் வா, பாரு, எடு. அது கோபமோ கேலியோ இல்லை. அன்பாகத்தான் சொல்வார். அதனால்தானோ என்னவோ, அந்த இரண்டெழுத்து வித்தியாசம் எனக்கு அத்தனை வருஷம் உறைக்கவே இல்லை. மெத்தையை எடுத்தபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் வருத்தப்பட்டேன். என் அம்மா ஒரு நாள்கூட உட்காராத மெத்தை அது.

கீழே வந்தபோது அம்மா ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "இதுல யாரு வேணும்னாலும் உக்காரலாமாடி?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். உட்காரலாம் என்றேன். இல்லை, நேரமாகிறது என்று குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். அண்ணன் பக்கத்தில் நான் தப்பு என்று போட்டிருந்ததெல்லாம் அண்ணி, அத்தை, ராத்தா. சரி என்று போட்டதெல்லாம் கிராமத்துப் பெண்களிடம் சொன்ன வாம்மா மேடம்.

அன்றும் மறுநாளும் என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளதை எழுதினால் அவர் மாடிக்குப் போவார். எழுதாமல் விட்டால் அம்மா விளிம்பிலேயே நிற்பாள். என் கல்யாணத்துக்கு ஒரு மாதம் தவணை சொன்னபோதுகூட முகம் சுளிக்காமல் புடவையைக் கட்டிக் கொடுத்தவர் அவர். அவர்மேல் எனக்கு இருப்பது நியாயமா, இல்லை இத்தனை வருஷம் கழித்து வந்த வஞ்சமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இன்றும் அதற்குப் பதில் முழுசாகத் தெரியாது. முதலில் அவரிடமே சொல்லிவிடுவது என்று மட்டும் முடிவு செய்தேன்.

காலையில் பயிற்சிக்கு மற்றவர்கள் வருமுன் அவர் மேஜைக்குப் போனேன். புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முந்தாநாள் பாப்பாவத் தூக்கிட்டு வந்தாங்களே, அவங்க எங்க அம்மா."

"தெரியாதாம்மா எனக்கு? எத்தனை வருஷமா வருது. உன் கல்யாணச் சேலைய நான்தானே எடுத்துக் கொடுத்தேன். அரக்குல பச்சைக் கரை."

"வருதுன்னு சொல்றீங்கல்ல. வர்றாங்கன்னு ஒருநாளும் சொன்னதில்லண்ணே நீங்க."

அவர் கை நின்றது. கையிலிருந்த புடவையை மடிக்க ஆரம்பித்தார். முந்தி உள்ளே போய்விட்டது. முப்பத்தோரு வருஷமாக அப்படி அவர் மடித்திருக்க மாட்டார். பிரித்து மறுபடி மடித்தார். நோட்டில் இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று சொன்னேன்.

"எழுதும்மா" என்றார். அவ்வளவுதான்.

சின்ன பாய் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"என்னம்மா இது? மேடம்னு சொன்ன எடத்துல எல்லாம் தப்புன்னு அடிச்சு மாத்தியிருக்கீங்க. சொல்லாத எடத்துல சரின்னு போட்டிருக்கீங்க."

நான் அம்மா வந்த கதையைச் சொன்னேன். மெத்தை விளிம்பைச் சொன்னேன். வீட்டில் யோசித்துவைத்திருந்த வரிசை எல்லாம் குழம்பிப்போய், பின்னால் சொல்ல வேண்டியதை முன்னால் சொன்னேன்.

"எல்லாரும் ஒண்ணுன்னுதானே மேடம்னு வச்சோம்" என்றார் அவர்.

"ஆமா சார். ஆனா 'வா'வ வச்சுக்கிட்டு அதுக்குப் பின்னாடி மேடம்னு ஒட்டுனா ஒண்ணாகாது சார். அண்ணியோ அக்காவோ, அவங்க நாக்குக்கு எது வருதோ வரட்டும். முன்னாடி 'வாங்க' மட்டும் எல்லாருக்கும் வரணும். அது ஒண்ணு போதும்."

அவர் மேஜைமேலிருந்த துபாய் ஃபைலைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். குழந்தையோடு வீட்டில் இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அவர், பதினெட்டாம் பெருக்குவரை பார்க்கலாம், அதற்குள் அண்ணனுக்கு வரவில்லையென்றால் மாடிதான் என்றார். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு டைப் அடித்தேன். அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

இது எளிது என்று நினைத்தேன். அவருக்கு இது மேடத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. மேடம் புதுச் சொல், எங்கிருந்தோ வந்தது. இது அவர் வாயில் எப்போதும் இருந்த சொல்தான். ஆள் பார்த்து, அவர் அறியாமலே உள்ளே போய்விடும். கிராமத்துப் பெண்கள் வாசலில் தெரிந்தால், பக்கத்தில் இருப்பவரை முன்னால் விட்டுவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் நோட்டில் ஒன்றும் போடாமல் கட்டத்தை வெறுமையாக விட்டேன். நான்கு நாள் வெறும் கட்டங்களாகவே போயிற்று.

பதினெட்டாம் பெருக்கன்று காலையிலேயே கூட்டம். சின்ன பாய் வாசல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். ஆற்றில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார்கள், கழுத்தில் ஈர மஞ்சள். பாதத்தில் வயல்வெடிப்பு. மற்ற மேஜைகளில் எல்லாம் ஆட்கள் இருந்தார்கள். அண்ணன் மேஜை மட்டும்தான் காலி.

"வா..." என்று தொடங்கி நின்றுவிட்டார். அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாங்க. உள்ள வாங்க."

அந்த ஆறு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள், தங்களுக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று. பின்னால் ஒரு மினி பஸ் மட்டும் நின்றிருந்தது.

"எங்களயா?" என்றாள் அதில் மூத்தவள்.

"உங்களத்தான் ஆத்தா. உக்காருங்க. போன மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் ஒரே மஞ்சள்ல எடுத்தீங்களே, சாயம் நின்னுச்சா?"

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அந்த மஞ்சள் சேலையைப் பற்றிக் கேட்டாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெத்தையில் உட்கார்ந்தவர்களைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார் என்று எண்ணியிருந்தேன். நின்றவர்களையும் வைத்திருந்திருக்கிறார். நான் நோட்டில் சரி என்று போட்டேன். சின்ன பாய் எழுந்து நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அண்ணன் கீழேயே இருந்தார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை தவறியிருக்கிறார், தவறியதும் அவரே நாக்கைக் கடித்துக்கொள்வார். டீச்சரம்மா அடுத்த முறை வந்தபோது அண்ணி என்றுதான் கூப்பிட்டார், அந்த அம்மாள் தஞ்சாவூர்ப் புடவையின் சாயம் போன கதையை அரை மணி நேரம் சொன்னார். என் அம்மாவிடம் அவர் முதல்முறையாக வாங்க என்று சொன்ன அன்று, அம்மா வீட்டுக்கு வந்து, "அந்த ஆளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அதற்கடுத்த முறை போனபோது கேட்காமலே உட்கார்ந்துவிட்டாளாம். நான் அன்று விடுப்பில் இருந்தேன். பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பின்னாளில் சின்ன பாய் வேறு கடைக்காரர்களிடம், எல்லாம் திட்டம் போட்டுப் படிப்படியாகச் செய்தோம் என்று சொல்வதைக் கேட்டேன். ஆமாம் சார் என்று நானும் தலையாட்டினேன்.

அந்த வேலையில் இரண்டரை வருஷம் இருந்தேன். பிறகு என் கணவர் திரும்பிவந்து சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். இப்போது இங்கேதான் இருக்கிறோம். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள், இளையவன் மத்தியானத் தூக்கம் தூங்குகிறான், அவன் எழுவதற்குள் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே எந்தக் கடைக்குப் போனாலும் கதவைத் திறந்து மேடம் என்கிறார்கள். எல்லோரையும்தான் சொல்கிறார்கள், குறை ஒன்றுமில்லை. ஆனால் போனமுறை என்ன நிறத்தில் எடுத்தேன் என்று யாருக்கும் தெரியாது. மகளுக்குத் தீபாவளிப் பாவாடை எடுக்கும்போது இந்த நிறம் சரியா, அந்த நிறம் சரியா என்று குழம்பி நின்றால், பார்த்துச் சொல்ல அந்தக் கை நீளாது. எனக்கு அந்தக் கடை நினைவு வருவது அப்போதுதான். பழைய கடையா, புதுக் கடையா என்று கேட்டால், அந்த ஆடி மாதத்துக் கடை என்பேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சுருட்டிய மெத்தையைப் பெரிய பாய் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். தீபாவளிக்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டு அந்தப் பஞ்சைக் கொட்டி, கொட்டை பொறுக்கி, வெயிலில் காயவைத்து, சின்னச் சின்ன மெத்தைகளாகத் தைக்கச் சொன்னார். கடையில் வேலை பார்ப்பவர்களில் கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு ஆளுக்கொன்று. எங்கள் வீட்டுக்கானதை அண்ணன்தான் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்தார். அன்று அம்மா வந்திருந்தாள். நான் உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிள் மணி கேட்டது. அவர் வாசலோடு கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்பது, மணி அடித்த பிறகும் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்காததிலேயே தெரிந்தது. ஈரக்கையோடு நான் எழுவதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள்.

"வாங்க" என்றாள் அம்மா. "உள்ள வந்து உக்காருங்க. டீ போடுறேன்."

சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.